சதுர அடைப்புக்குள் இருந்த எண்

உணவுத் தர நிர்ணயக் கூட்டங்களில், இன்னும் முடிவாகாத சொல்லையும் எண்ணையும் சதுர அடைப்புக்குள் போட்டுவைப்பது வழக்கம். வரைவின் ஒரு பக்கத்தில் எத்தனை அடைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே அந்த வாரம் எப்படிப் போகும் என்பது பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். ஏற்றுமதிக்கான வாசனைப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பெயரில் இத்தகைய கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியபோது, எனக்கு ஈரப்பதம் பார்க்கத் தெரியும், சாம்பல் அளவு பார்க்கத் தெரியும், ஆவியாகும் எண்ணெயை வடித்து அளக்கத் தெரியும். அடைப்புக்குள் இருக்கும் ஓர் எண்ணை வெளியே கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கற்றதில் பெரும்பகுதி என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து வந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய கோடெக்ஸ் ஆணையம் 1963 முதல் இயங்கி வருகிறது. 188 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பினர்கள். இந்த ஆணையத்தின் தரங்களை எந்த நாடும் அப்படியே சட்டமாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடு 1995-இல் நடைமுறைக்கு வந்தபின், உணவு வணிகத்தில் நாடுகளுக்கிடையே வழக்கு வந்தால் இந்தத் தரங்களே உரைகல்லாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆகவே அரை சதவீதம் கூடுவதும் குறைவதும் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் இறங்குமா திரும்புமா என்ற கேள்வியாகிவிடுகிறது. வாசனைப் பொருள்களுக்கும் சமையல் மூலிகைகளுக்குமான குழுவை ஆணையம் 2013-இல் அமைத்தது. அதை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்கு. செயலகப் பணி கொச்சியிலுள்ள நறுமணப் பொருள்கள் வாரியத்துக்கு. 2014 பிப்ரவரியில் கொச்சியிலும், 2015 செப்டம்பரில் கோவாவிலும், 2017 பிப்ரவரியில் சென்னையிலும், 2019 ஜனவரியில் திருவனந்தபுரத்திலும் அமர்வுகள் நடந்தன. மிளகு, சீரகம், தைம் ஆகியவற்றுக்கான முதல் மூன்று தரங்களை 2017-இல் ஆணையம் ஏற்றது.

இந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டு. ஒரு தரம் எட்டுப் படிகளைக் கடக்க வேண்டும். மூன்றாம் படியில் ஒருமுறையும் ஆறாம் படியில் ஒருமுறையும் வரைவு எல்லா உறுப்பினர்களுக்கும் கருத்துக் கேட்டு அனுப்பப்படும். கருத்து ஒன்றுபட்டுவிட்டால் இடைப்படிகளைத் தாண்டி ஐந்திலிருந்து நேரே எட்டுக்குப் போகவும் வழியுண்டு. ஒன்றுபடாமல் ஓர் எண் அடைப்புக்குள் நின்றுவிட்டால், அது அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்கும். நாலைந்து நாள் அமர்வில் பேசித் தீராத ஒன்று அப்படி இரண்டு ஆண்டு ஊறினாலும் தானாகத் தீர்ந்துவிடாது. ஆகவே அமர்வுகளுக்கு இடையே நடக்கும் வேலைதான் உண்மையான வேலை. அந்த வேலையைச் செய்பவை, நேரில் கூடாமல் இணையம் வழியே கருத்துப் பரிமாறிக்கொள்ளும் மின்னணுப் பணிக்குழுக்கள்.

அத்தகைய பணிக்குழு ஒன்றில், உறுப்பு நாடுகள் அனுப்பும் கருத்துகளைத் தொகுத்து அட்டவணையாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆண்டையும் நாடுகளையும் விட்டுவிடுகிறேன். பொருள் காய் வகையைச் சேர்ந்தது. உள்ளே விதையில்லாத வெற்றுக் காய்கள் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற இடத்தில் 5 என்ற எண் அடைப்புக்குள் இருந்தது. ஒரு நாடு அதை 3 ஆக்க வேண்டும் என்று எழுதியது. இன்னொரு நாடும் 3 என்றே எழுதியிருந்தது. நாற்பது பக்கத்துக்கு மேல் குவிந்திருந்த கருத்துகளைச் சுருக்கும் அவசரத்தில், நான் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து, ‘இரு உறுப்பினர்கள் 3 சதவீதத்தை ஆதரிக்கின்றனர்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். சுருக்கமாக எழுதியிருப்பதாகச் சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அமர்வில் அந்தப் பத்தி வந்தபோது இரண்டாவது நாட்டின் பேராளர், பேச அனுமதி கேட்பதற்கு அடையாளமாக, மேசையிலிருந்த தன் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார். மிகுந்த மரியாதையுடன், தாங்கள் சொன்னது எடையில் 3 சதவீதம் என்றும், எண்ணிக்கையில் அல்ல என்றும் தெரிவித்தார். முதல் நாடு கேட்டது எண்ணிக்கையில், அதாவது நூறு காய்க்கு மூன்று. காயின் எடையில் தோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மீதி விதை. ஆகவே எடையில் 3 சதவீதம் வெற்றுக் காய் என்றால், எண்ணிப் பார்க்கும்போது நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ வந்துவிடும். ஒரு நாடு வரம்பை இறுக்கச் சொல்லியிருக்கிறது, மற்றொன்று தளர்த்தச் சொல்லியிருக்கிறது. எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரையும் நான் ஒரே அணியில் நிற்க வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அரங்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேச்சு நடந்தது. பேசியவர்களில் பாதிப் பேர் எண்ணிக்கையை மனத்தில் வைத்தும் பாதிப் பேர் எடையை மனத்தில் வைத்தும் பேசினார்கள். தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார். பத்தி அடைப்போடு அப்படியே அடுத்த அமர்வுக்குப் போனது.

ஊருக்கு வந்தபின், போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் தாய்மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கடையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு, நூறு காயை எண்ணி ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தால் பிளந்துகொண்டே வந்தார். விதையுள்ளது ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம். “பொக்க எவனாச்சும் எடை போட்டுப் பாப்பானா மாப்ள? எண்ணித்தான பாக்கணும்” என்றார். சற்று நேரம் கழித்து, “உருண்டு சுருங்குன பிஞ்சு இருக்கு பாரு, அத எடை போடலாம்” என்று அவரே சேர்த்துக்கொண்டார். வெற்றுக் காய்க்கு எண்ணிக்கை, முதிராத காய்க்கு எடை என்ற பிரிவு கடைத்தெருவில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பிரிவை எழுதிக் காட்ட வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டதுதான் என் அட்டவணையின் குறை.

ஒரு குழுவைத் தாமதப்படுத்துவது கருத்து வேறுபாடு என்றே அதுவரை நினைத்திருந்தேன். எதைப் பற்றி வேறுபடுகிறோம் என்பதே தெளிவில்லாமல் அரங்குக்குள் நுழைவதுதான் தாமதம் என்பது அதன்பிறகு தெரிந்தது. அடுத்த சுற்றில் அட்டவணையை மாற்றினேன். இரண்டு கருத்துகளை ஒரே வரியில் சேர்ப்பதை அடியோடு நிறுத்தினேன். இருக்கும் வாசகம், முன்வைக்கும் வாசகம், அளவின் அலகு, காரணம் என்று ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள். எண்ணை மாற்றச் சொன்னால் எத்தனை மாதிரிகள், எந்தப் பருவத்து விளைச்சல், எந்தச் சோதனை முறை என்பதும் வேண்டும். ‘ஏற்க இயலாது’ என்று மட்டும் எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லி, காரணக் கட்டம் காலியாக இருப்பதைச் சுட்டித் திருப்பி அனுப்பினேன். அட்டவணை முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் அதை எழுதிய நாட்டுக்கே அனுப்பி, ‘நீங்கள் சொன்னது இதுதானா?’ என்று கேட்டேன். மூன்று வாரம் கூடுதலாக ஆனது. சக ஊழியர் ஒருவர் இதைத் தபால்காரர் வேலை என்று கேலி செய்தார்; அது உண்மைதான். இப்போது இணையவழிக் கருத்துப் பதிவு முறை வந்து, ஒவ்வொரு பத்திக்கும் எதிரிலேயே கருத்தைப் பதியும் வசதி இருப்பதால் இந்த வேலையில் பாதி குறைந்துவிட்டது. காரணக் கட்டத்தை நிரப்ப வைப்பது மட்டும் இன்றும் மனிதர் கேட்டு வாங்க வேண்டியதாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். எல்லா அடைப்புகளும் ஒரே இனம் அல்ல. சில அடைப்புகள் தரவு வராததால் நிற்பவை. சில உண்மையான பிணக்கு. வேறு சில, இந்தக் குழுவால் தீர்க்கவே முடியாதவை: லேபிளில் என்ன அச்சிட வேண்டும் என்ற விதிகள் கனடா நடத்தும் லேபிள் குழுவின் ஒப்புதலுக்குப் போக வேண்டும், சோதனை முறைகள் ஹங்கேரி நடத்தும் பகுப்பாய்வு முறைக் குழுவுக்கு, உணவில் சேர்க்கும் வேதிச் சேர்மானங்கள் சீனா நடத்தும் குழுவுக்கு. விளைந்த நாட்டின் பெயரைப் போடுவதா, அரைத்துப் பொதியிட்ட நாட்டின் பெயரைப் போடுவதா என்பது விவசாயிக்கும் ஏற்றுமதியாளருக்கும் நெஞ்சைத் தொடும் கேள்வி. அதனாலேயே அதில் எல்லோரும் பேச விரும்புவார்கள். இறுதிச் சொல் வேறோர் ஊரில் சொல்லப்பட வேண்டியது என்பதை மறந்து அரை நாளைச் செலவழிப்பது எளிது. ஒவ்வொரு அடைப்புக்கும் பக்கத்தில் அது எந்த இனம் என்று ஓரிரு சொற்களில் குறித்துவைத்ததும், தலைவருக்கு எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்பது எளிதாயிற்று.

குழு தானாகவே எடுத்த பெரிய முடிவு, பொருளுக்கு ஒன்று என்று தரம் எழுதிக்கொண்டிருந்தால் தலைமுறைகள் ஆகும் என்று உணர்ந்து, தாவரப் பகுதிவாரியாகத் தொகுத்ததுதான். வேர், கிழங்கு, பூ, விதை, இலை, கனி என்று பிரித்து, ஒரே சட்டகத்தில் ஒவ்வொரு பொருளையும் ஏற்றிவிடும் முறை அது. 2021-இல் வந்த இஞ்சி, கிராம்புத் தரங்களும் 2022-இல் வந்த குங்குமப்பூ, ஜாதிக்காய்த் தரங்களும் இவ்வழியில் அமைந்தவை. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். கிராமில் விற்று நிறத்தின் அடர்த்தியை அளந்து விலை பேசும் குங்குமப்பூவும், மூட்டையில் விற்று மொட்டு உதிர்ந்த காம்பை எண்ணும் கிராம்பும் பூவினம் என்ற ஒரே கூரையின் கீழ் இருப்பது தாவரவியலுக்குச் சரி, வணிகத்துக்கு ஒட்டாத உறவு. ஆனால் லேபிள், சுகாதாரம், மாதிரி எடுத்தல் ஆகிய பொதுப் பத்திகளை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டையிட்டு எழுத வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

அரங்கில் பேசாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில நாடுகளிலிருந்து பத்துப் பேர் வருவார்கள். சில நாடுகளிலிருந்து ஒரே ஒருவர். வளரும் நாடுகளின் பங்கேற்புக்காக 2003-இல் தொடங்கிய கோடெக்ஸ் அறக்கட்டளை நிதி பலரை அரங்குக்குள் கொண்டுவந்தது. ஆனால் நாற்காலியில் உட்காருவதும் பேசுவதும் வேறு வேறு. அரங்கில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. பணிக்குழுவிலோ பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இலும் 2022-இலும், அமர்வுகள் திரையில் நடந்தன. எங்களுக்கு மாலைத் தேநீர் வேளை என்றால் மெக்சிகோவில் விடிந்திருக்காது, நியூசிலாந்தில் படுக்கும் நேரம். குறைகள் பல இருந்தும், பெயர்ப்பலகையை ஒருநாளும் நிமிர்த்தாத சிலர் திரையின் ஓரத்தில் இரண்டு வரி தட்டச்சு செய்ததைப் பார்த்தேன். அன்று முதல் பணிக்குழுக் கடிதங்களைச் சிறு வாக்கியங்களில் எழுதத் தொடங்கினேன். பதில் வராத நாடுகளுக்கு, குறிப்பாக அந்தப் பொருளை விளைவிக்கும் நாடுகளுக்கு, தனியாக ஒருமுறை எழுதினேன். மௌனத்தைச் சம்மதம் என்று குறிப்பது குழுக்களில் பழகிப்போன வழக்கம்; அதை நான் நம்புவதில்லை.

வாக்கெடுப்பு நடத்தித் தீர்த்துவிடக் கூடாதா என்று வெளியிலிருப்போர் கேட்பதுண்டு. 2012-இல் ரோமில், இறைச்சிக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கும் ராக்டோபமைன் என்ற மருந்தின் எச்ச வரம்பை ஆணையம் வாக்குக்கு விட்டது. ஆதரவு 69, எதிர்ப்பு 67, நடுநிலை 7. தரம் நிறைவேறியது; எதிர்த்த ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அந்த மருந்தை அனுமதிக்காமலேயே இருந்தன. தரம் புத்தகத்தில் இருக்கிறது, மனங்கள் பழைய இடத்தில் இருக்கின்றன. வாக்கு அரிதாகவே எடுக்கப்பட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை முதலில் சோம்பல் என்று நினைத்தவன், அந்த எண்களைப் பார்த்தபின் அப்படி நினைப்பதில்லை.

வெற்றுக் காய்ப் பத்தி அடுத்த அமர்வில் திரும்ப வந்தது. இம்முறை அட்டவணையில் அதற்கு இரண்டு தனித்தனி வரிகள், ஒவ்வொன்றுக்கும் காரணம், இருவருடைய மாதிரி விவரமும். எடையில் கேட்ட நாட்டின் பேராளர் முந்தைய நாள் மாலையே முதல் நாட்டின் பேராளரோடு காபி மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தார். நான் பார்த்தேன், அருகில் போகவில்லை. தலைவர் பத்தியை வாசித்து, ‘எண்ணிக்கையில்’ என்ற சொல்லைச் சேர்த்து 5 என்று நிறுத்தலாமா என்று கேட்டார். அரங்கை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பலகை எதுவும் நிமிரவில்லை. திரையில் செயலகத்துப் பெண் அடைப்பின் இரண்டு கோடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். இரண்டு நொடி கூட ஆகவில்லை. அடுத்தது ஈரப்பதம். அதில் மூன்று அடைப்புகள் இருந்தன.