டி டிரைவ் எங்க போச்சு?

மதுரை மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றி மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் டைப் செய்து கொடுக்கும் கடைகள் நிறைய. அவற்றில் சில கடைகளுக்கு நான்தான் சிஸ்டம் பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. இந்தக் கடைகளில் இருப்பதோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டிகள். புதுசு வாங்க ஓனர்களுக்கு மனசில்லை. சரி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுவோம் என்று முடிவானது.

லினக்ஸ் என்றாலே கமாண்ட் அடிக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். டைப்பிங் கடையில் கமாண்ட் அடிக்கும் டெர்மினலை யாரும் திறப்பதே இல்லை. மின்ட்டின் மெனுவும் இடது மூலையில்தான் இருக்கிறது, பழகிய முகம். சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரு கடையில் டைப் செய்யும் அக்கா கேட்டார்:

“தம்பி, டி டிரைவ் எங்கப்பா போச்சு? மாடல் மனு எல்லாம் அதுலதானே வச்சிருந்தேன்!”

“எல்லாம் இருக்குக்கா. சி, டிங்கிற பேர்தான் இங்க கிடையாது.”

ஃபைலைக் கண்டுபிடித்துத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. ஜாமீன் மனு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. வைரஸ்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டார். பழைய மனுக்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பாமினியை நிறுவியதும் மனு தமிழுக்குத் திரும்பியது. இப்போதெல்லாம் மின்ட் போட்ட கையோடு பழைய எழுத்துருக்களையும் ஏற்றிவிட்டுத்தான் ஆளை நாற்காலியில் உட்கார வைக்கிறேன். முதல் மணி நேரத்தில் நம்பிக்கை போனால் அப்புறம் எது தப்பானாலும் லினக்ஸ் தலையில்தான் விழும்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிப்பது இன்னொரு கதை. அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ‘கொ’ வேண்டுமென்றால் அவர் விரல் முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, கடைசியில் கால் என்று போகும். தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் ‘க’ அடித்து ‘ஒ’ அடிக்க வேண்டும். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். எளிதான ஏற்பாடுதான், ஆனால் கீபோர்டைப் பார்க்காமலே பக்கம் பக்கமாக அடிப்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, மாறத்தான் வேண்டும். ஆனால் அதற்காகத் தமிழ்99-ஐ எல்லார் மேலும் திணிப்பது அநியாயம். மின்ட்டில் டைப்ரைட்டர் முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அதைக் கொடுத்தேன். அதே கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தமிழ்99. மறக்க வேண்டியது எதுவும் இல்லாததால் அந்தப் பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

பென் டிரைவில்தான் நிஜமான ஆபத்து. காப்பி முடிந்ததாகத் திரை காட்டும், ஆனால் லினக்ஸ் அதை மெமரியில் வைத்துக்கொண்டு பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். வக்கீல் குமாஸ்தா அவசரத்தில் வெடுக்கென்று பிடுங்கிப் போவார்; வக்கீல் ஆபீஸில் போய்ச் செருகினால் ஃபைல் திறக்காது. எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று வரும்வரை கை வைக்காதீர்கள் என்று மானிட்டரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸையும், வேர்டில் திறக்கும் டாக்எக்ஸ் வடிவத்திலேயே சேமிக்கும்படி முதலிலேயே மாற்றிவிடுவேன்.

பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்குமா என்பதை ஓனரிடம் பேசும்போதே பார்த்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தக் கடைக்கு மின்ட் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். விண்டோஸில் ஓடும் டேலி மென்பொருளில் கணக்கு எழுதும் ஒரு கடையில் அந்தப் பெட்டியை மட்டும் ஆதரவு முடிந்த விண்டோஸிலேயே விட்டு, பாதுகாப்புக்காக நெட் வயரைக் கழற்றிவிட்டு வந்தேன்.