38 கிலோ பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி?

எனக்கு விவரம் தெரிந்து நான் பக்கத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, சிவகாசியில் எங்கள் தெருமுனை பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரே ஒரு வாட்ச்மேன், அவர் மடியில் கிடந்த இரட்டைக்குழல்தான். அது வெடித்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் போன வருஷம் மார்ச் மாதம், அமெரிக்காவில், மினசோட்டாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டு, எட்டாவது படிக்கும் மகளுக்கு எது தோதாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ட்ராப்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. முன்னால் ஒரு குழியிலிருந்து எந்திரம் ஒன்று ஆரஞ்சு நிறத் தட்டை வீசும், அதை ஷாட்கன்னால் (ஒரே வெடியில் நிறையச் சின்ன ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) சுட்டு உடைக்க வேண்டும். களிமண் தட்டு என்று பெயர், ஆனால் அதில் களிமண்ணே கிடையாது, தாரும் சுண்ணாம்புக்கல் தூளும்தான். 2001-ல் இந்த மாநிலத்தில்தான் இதற்கான பள்ளி லீக் தொடங்கியது. தோழி சேர்ந்தாள் என்று இவளும் சேர்ந்துவிட்டாள். பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கி வந்த பிறகு மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பொட்டப்புள்ள கையில எதுக்குடா அதெல்லாம்?" என்றார். இரண்டு நிமிஷம் வேறு பேச்சு. அப்புறம், "அது எம்புட்டுத் தூரம் சுடும்?"

வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. எச்1பி விசாவில் இருந்த காலமாக இருந்தால் துப்பாக்கியை வைத்திருப்பதே சட்டச் சிக்கல் (வேட்டை லைசென்ஸ் வாங்கினால் விலக்கு உண்டு, அது தனிக் கதை). எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் 4473 என்ற படிவத்தை நிரப்பி, கடைக்காரர் எஃப்பிஐயிடம் என் பின்னணியைச் சரிபார்த்து, அரை மணி நேரத்தில் முடிந்தது. சிக்கல் எதை வாங்குவது என்பதில்தான்.

மகள் 4 அடி 10 அங்குலம், 38 கிலோ. கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்ன ஆளுக்குச் சின்னத் துப்பாக்கி என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிறுவர்களுக்கென்று செய்த 20 கேஜ் பம்ப் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை), இரண்டரைக் கிலோ. இந்தக் கேஜ் கணக்கு தலைகீழானது. குழலுக்குள் சரியாக அடங்கும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு பவுண்டு வந்தால் அது 12 கேஜ், 20 சேர்ந்து வந்தால் 20 கேஜ். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். குழல் சிறியது, எடை குறைவு, விலையும் குறைவு, பிள்ளைக்குத் தூக்க லேசு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிளஸ் டூவில் ஃபிசிக்ஸில் நல்ல மார்க் வாங்கியவன் நான், அந்தக் கடையில் அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதல் நாள் 25 தட்டுக்கு 4 உடைத்தாள். பத்தாவது சுட்டதிலிருந்து முகம் இறுகிவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அவள் அம்மா பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். தோளுக்குக் கீழே, கையில், நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. "வலிச்சா சொல்ல வேண்டியதுதானேம்மா?" என்றால், "சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவீங்கப்பா" என்கிறாள்.

அடுத்த வாரம் கோச் ஒரு காரியம் செய்தார். அவளுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினாள், வெடிக்கவில்லை, ஆனால் குழல் முனை மட்டும் ஒரு சாண் கீழே போய் வந்தது. வெடித்ததும் துப்பாக்கி பின்னால் வந்து இடிக்குமே, அந்த உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பதறுகிறது, அதனால் தட்டு தப்புகிறது. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் மாற்ற வருஷக் கணக்காகும், இப்போதே நிறுத்துங்கள் என்றார்.

விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியிலும் கனமான துப்பாக்கியிலும் சுட்டால், உதையின் ஆற்றல் எடைக்கு எதிர்மாறாகப் போகும். எடை இரட்டிப்பானால் உதை பாதி. சிறுபிள்ளைக்கு என்று சொல்லி விற்கும் லேசான துப்பாக்கி, அந்தச் சிறுபிள்ளையைத்தான் கூடுதலாக உதைக்கிறது! அதோடு தோளில் பதியும் அதன் பின்கட்டையில் இருந்த ரப்பர் செருப்புத் தோல் கனம்கூட இல்லை.

சரி, கனமாக வாங்கிவிடலாமே என்று, அணியில் இன்னொரு பையனின் 12 கேஜ் மேல்கீழ் இரட்டைக்குழலைக் கொடுத்துப் பார்த்தோம், மூன்றே முக்கால் கிலோ. முதல் வெடிக்கே சிரித்துவிட்டாள், "இது உதைக்கவே இல்லப்பா." ஐந்தாவதற்குள் இடுப்பில் நிறைகுடம் வைத்தவள் மாதிரி பின்னால் வளைந்து நிற்கிறாள். ஒரு பயிற்சிக்கு 25 வீதம் இரண்டு சுற்று, 50 தட்டு. 50 தடவை அதைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும். பின்னால் சாய்ந்து நின்றால் உதையை வாங்க உடம்பில் பலமும் இருக்காது. ஆக அதுவும் ஆகாது.

தோளில் படாமல் கையில் ஏன் கன்றியது என்பதற்குக் காரணம் வேறு. மினசோட்டாவில் ஏப்ரல் என்றால் இன்னும் குளிர்தான். அவள் போட்டிருந்த பஞ்சு ஜாக்கெட் முக்கால் அங்குலம் இருக்கும், கட்டை அந்த அளவுக்கு நீண்ட மாதிரி ஆகி, தோள் குழியில் உட்காராமல் வெளியே நழுவிக் கையில் போய் நின்றிருக்கிறது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு சட்டை, மேலே ஷூட்டிங் வெஸ்ட் என்று மாற்றினோம். காதில் நுரை அடைப்பான் வைத்து, அதன் மேல் இயர்மஃபும் போட்டோம். சத்தம் குறைந்தால் உதையும் குறைந்த மாதிரி இருக்கிறது. வெடிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரன் எனக்கே இது புதுச் சேதி.

கடைசியில் நாங்கள் வாங்கியது பழைய ரெமிங்டன் 1100, 20 கேஜ், 450 டாலர். 1963-லிருந்து வந்த மாடல் அது. வெடிக்கும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள துளை வழியே எடுத்து, அதைக்கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும். அந்த வேலைக்கு நேரம் பிடிப்பதால் உதை ஒரே அடியாக விழாமல் நீண்டு, ஒரு தள்ளு மாதிரி வரும். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. துப்பாக்கி ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பின்கட்டையை விசையிலிருந்து பன்னிரண்டரை அங்குலம் வரும்படி அறுத்து, தடித்த மெத்து ரப்பர் வைத்தோம். அறுக்கும்போது கட்டையின் கீழ்முனை நெஞ்சில் குத்தாதபடி கொஞ்சம் சாய்த்துத் தரச் சொன்னார் கோச். பெண் பிள்ளைகளுக்கு இதை யாரும் பார்ப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை. அளவு சரியா என்று பார்க்க அவர் வைத்திருந்த வழி எளிது: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய், கண்ணைத் திற, குழலின் மேல்பட்டை நேராகத் தெரிய வேண்டும். தெரிந்தது. (எல்லாம் காலித் துப்பாக்கியில், சுவரைப் பார்த்து.)

வாங்கிய முதல் வாரமே மக்கர். உதை இன்னும் குறையட்டும் என்று முக்கால் அவுன்ஸ் ரவை கொண்ட மென்மையான தோட்டா வாங்கினேன். அது தரும் வாயு போதாமல் வெற்றுத் தோட்டா பாதியில் சிக்கியது. கழற்றிப் பார்த்தால், குழலடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் விரிசல் விட்டிருந்தது, வாயுத் துளைகளில் கரி. ஓ-ரிங் இரண்டு டாலர். பழைய 1100 வாங்குகிறவர்கள் கையோடு நாலு ஓ-ரிங் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் சுத்தம் செய்த பிறகு அதே தோட்டா ஒழுங்காக ஓடியது, எப்போதாவது சிக்கினாலும் ட்ராப்பில் ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான் என்பதால் கையால் இழுத்துவிட்டால் போதும். இன்னொன்று, வெற்றுத் தோட்டா வலப்பக்கம் பறந்து அடுத்து நிற்கும் பிள்ளை மேல் விழும், அதைத் தடுக்க ஒரு சின்னக் கவ்வி மாட்ட வேண்டியிருந்தது.

20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது அலங்காரத்துக்கு இல்லை. தவறி 12 கேஜில் போட்டால் அது குழலுக்குள் வழுக்கிப் போய் நின்றுகொள்ளும், பின்னாலேயே 12 போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அதனால் அவள் பையில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி வீட்டில் பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் என்னிடம்.

மே மாதம் 25-க்கு 11 வந்தது, ஜூனில் இங்கே அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் மாநிலப் போட்டி நடந்தபோது 17. பரிசெல்லாம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது காரில் தூங்கிவிட்டாள், தோளில் கன்றின தடம் இல்லை.

இந்த வருஷம் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே அரை அங்குலத் தகடு ஒன்று வைத்தாயிற்று. "அப்பா, 12 கேஜ் எப்போ?" என்று ஆரம்பித்திருக்கிறாள். அந்தப் பழைய பம்ப்பை வாங்கின கடையிலேயே பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது அதை வேறொரு அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன். என்னவோ போல் இருந்தது, போய்ச் சொல்லிவிட்டேன்.