ஐந்தாம் வகுப்பும் தலைநகரமும்

செப்டெம்பர் 18

சந்தியில் இன்னும் இரண்டு பதாகைகள் ஏறிவிட்டன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள். ரியூசன் நிலையத்தின் பெயர் பிள்ளைகளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

எங்கள் ஐந்தாம் வகுப்பில் 17 பேர். மூன்று பேர் தாண்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தீவுகளில், வேலணைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இது நல்ல பெறுபேறு; அதிபர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மற்றப் பதினான்கு பேரும் அதைத் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, பத்து வயது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம், நல்ல பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம், இதற்காக நடக்கிற பரீட்சை. இப்போது வீட்டுக்கு வீடு மானப் பிரச்சினை.

தமிழ் மொழித் தினப் போட்டியில் பாவோதலுக்கு வலயத்தில் முதலிடம் எடுத்தவனும் இதே வகுப்புத்தான். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கிறான். அவனுக்கு ஒருவரும் பதாகை கட்டவில்லை.

செப்டெம்பர் 25

ஐந்தாம் வகுப்பின் கொழும்புச் சுற்றுலா பற்றிப் பெற்றோர் கூட்டம். "பாஸ் பண்ணின பிள்ளையளை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் மற்றதுகளுக்கும் ஒரு ரோசம் வருமெல்லே ரீச்சர்" என்றார் ஒரு தகப்பன். அவருடைய மகளும் தாண்டவில்லை என்பதுதான் வேடிக்கை. அதிபர் வாய் திறக்க முதலே நான் சொல்லிவிட்டேன்: "போனால் முழு வகுப்பும். இல்லாட்டி ஒருத்தரும் இல்லை." பின்வாங்கில் இருந்த அம்மம்மா ஒருவர், "அதுதானே பிள்ளை" என்றா. பிறகு பேச்சில்லை.

வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பெற்றோர் சம்மதக் கடிதம் என்று ஒரே கடுதாசி வேலை. பாராளுமன்றம் பார்க்கப் படைக்கலச் சேவிதருக்கு எழுதவேண்டும். பெயரைக் கரும்பலகையில் எழுதியதும், "சண்டை பிடிக்கிறவரோ?" என்றார்கள். சபைக்குள் செங்கோலைத் தூக்கி வருகிறவர் என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஒக்டோபர் 8

விடியற்காலையில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் ஸ்ரேசன். அனேகமானோருக்கு இதுதான் முதல் ரயில். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலே இல்லாமல் போனது. 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. இவர்களின் வயதில் நான் பார்த்தது தண்டவாளம் இல்லாத மேட்டை. அதைச் சொல்ல, "அப்ப கொழும்புக்கு எப்பிடிப் போனனீங்கள் ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "போகேல்லை" என்றேன்.

ஆனையிறவில் எல்லோரும் ஒரு பக்க யன்னலுக்குப் பாய்ந்தார்கள். முறிகண்டியில், துணைக்கு வந்த தாய் ஒருவர் இருந்த இடத்திலேயே கும்பிட்டா. பஸ்சென்றால் பிள்ளையாரடியில் நிற்பாட்டி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிடும். "ரயிலிலை இது ஒரு குறைதான்" என்றா. கச்சானைத்தான் சொன்னா என்று நினைக்கிறேன்.

வவுனியா தாண்டியதும் ஸ்ரேசன் பலகைகளில் சிங்களத்தை எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். வகுப்பில் நித்திரை தூங்குகிற பாடம் அது. மதவாச்சியை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்துச் சண்டை பிடிக்க, முன்சீற்றில் இருந்த சிங்கள ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்ரேசனிலும் அவர்தான் நடுவர். பனங்காய்ப் பணியாரப் பெட்டி பொல்காவலைக்கு முதலே காலி. அவருக்கும் மூன்று போனது.

ஒக்டோபர் 9

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். நான் நித்திரை கொள்ளவில்லை. அவர்களும்தான்.

'இலங்கையின் தலைநகரம் எது?' ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 17 பேரும் நித்திரையிலும் சொல்வார்கள். இன்று பஸ் பொரளை தாண்டி இராஜகிரியவால் போகும்போது பாவோதல்காரன் கேட்டான்: "ரீச்சர், தலைநகரம் எதிலை தொடங்குது?" வெளியே பார்த்தேன். கடை, வங்கி, கடை. சாரதி அண்ணையைக் கேட்டேன். "எல்லாம் ஒரே ட்ரபிக்தான் ரீச்சர்" என்றார். வினாத்தாளில் இந்தக் கேள்வி வராது. வரவேண்டும்.

கோட்டை என்றதும் செண்பகப் பெருமாள் கதையைச் சொன்னேன். கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படையோடு வந்து, 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டவன். பிறகு திரும்பிப் போய்ப் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டைக்கே அரசனானான். நல்லூர்க் கோயிலில், அதைக் கட்டினவரை வாழ்த்திக் கட்டியம் சொல்லும்போது வருகிற புவனேகபாகு அவன்தானா என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. "அப்ப எங்களைப் பிடிச்சவனை ஏன் கோயிலிலை சொல்லுகினம்?" என்றாள் ஒருத்தி. அவள் பரீட்சையில் இரண்டு புள்ளியால் விடுபட்டவள். நான் பதில் சொல்லி முடிக்கமுதல் பாராளுமன்றம் வந்துவிட்டது.

தியவன்னா ஓயாவின் நடுவே, ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டடம். 1982 வரை பாராளுமன்றம் காலிமுகத்திடலில் இருந்தது. 225 உறுப்பினர்: மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியலில் 29. 2024 தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் சேர்த்து ஆறு ஆசனம், முந்தி ஏழு. "ஒண்டு எங்கை போனது?" பதிந்த வாக்காளர் தொகை குறைந்தால் ஆசனமும் குறையும் என்று விளக்கினேன். கனடாவில் மாமா உள்ளவர்கள் கையை உயர்த்தினார்கள், நான் கேட்காமலே.

ஒக்டோபர் 10

காலையில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. எல்லோருக்கும் பிடித்தது அதுதான்; எழுத ஒன்றுமில்லை.

1877இல் திறந்த தேசிய நூதனசாலையில் கண்டி அரசரின் சிம்மாசனத்தைவிட, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லடியில்தான் கனநேரம் நின்றோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக் கல். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கு. 1911இல் கண்டெடுக்கும்போது அது மதகுக்கு மூடுகல். சீனாவிலிருந்து வந்தவர் தமிழில் ஏன் எழுதினார் என்று கேட்டேன். "இஞ்சை தமிழ் வாசிக்கிறாக்கள் இருந்திருப்பினம்" என்றான், வகுப்பில் கடைசிப் புள்ளி எடுத்தவன், ஏதோ கடைக்கணக்குச் சொல்வதைப்போல.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை. கடலுக்குள் பிறந்த பிள்ளைகள் கடலைப் பார்த்துப் பயந்தது எனக்குப் புதினம். எங்கள் கடல் முழங்காலளவு, இப்படிக் குமுறாது.

ஒக்டோபர் 14

சுற்றுலாக் கட்டுரைகள் வந்துவிட்டன. தாண்டிய மூவரில் ஒருத்தி 225, 196, 29 எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு நான்கு பக்கம். ஒருவன் ரயில் கழிப்பறையைப் பற்றி மட்டும், மிக நுணுக்கமாக. இரண்டு பேர் சிங்கள ஐயாவை எழுதியிருக்கிறார்கள். செண்பகப் பெருமாள் கேள்வியைக் கேட்டவள் பதிலைத் தானே எழுதிக்கொண்டாள்: 'அவர் கோயில் கட்டினதால் மன்னித்துவிட்டார்கள் போல.'

பதினேழையும் கட்டி நூலகத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார் அதிபர். எழுத்துப்பிழை திருத்தவேண்டாமாம், பிள்ளைகள் எழுதினபடியே இருக்கட்டுமாம். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.