கடன் கொப்பி, கூடாரம், மழைமானி: மலையகச் சிறு நகர வர்த்தகர் சங்கத்தின் வேலைகள்

இலங்கை மலையகத்தில் ஒரு சிறு நகரத்தின் கடைத்தெரு எப்போது நிறையும் என்று அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. மாதம் 10ஆம் திகதியை ஒட்டித் தேயிலைத் தோட்டச் சம்பளம். அன்று பின்னேரம் மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எங்கும் கடை வாசலில் கால் வைக்க இடமிராது. மாதக் கடைசியில் அதே தெருவில் முதலாளிமார் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மலையில் நாலு நாள் வேலை குறைந்தால் அது கல்லாவில் தெரியும். ஆகவே வர்த்தகர் சங்கம் சுற்றுத் தோட்டங்களுக்குச் செய்வதைத் தர்மம் என்று சொல்வது பொருந்தாது. தன் காலடி மண்ணைக் கட்டிக்கொள்கிற வேலை அது.

பல சங்கங்கள் செய்வது வருடத்துக்கு இரண்டு நிகழ்ச்சி: பொங்கலுக்குக் கொஞ்சம் அரிசி, பாடசாலை தொடங்கும்போது கொஞ்சம் கொப்பி, நடுவில் ஒரு பெரிய பதாகை. பதாகைக்கான செலவு சில வேளை கொப்பிச் செலவை எட்டிப் பிடிக்கும். அதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு சங்கத்தால் உண்மையாகச் செய்யக்கூடியவை நாலைந்துதான். ஒவ்வொன்றிலும் சறுக்கும் இடம் உண்டு.

முதலில் பணம். 60 கடைகள் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் 30,000, வருடத்துக்கு 3,60,000. இதில் மூன்றில் ஒரு பங்கு அனர்த்த நிதியாகத் தொடாமல் கிடக்கட்டும். ஒரு பங்கு மரண வீட்டுத் தேவைகளுக்கு, மீதி பாடசாலை, வைத்தியம், மற்றவைக்கு. வங்கிக் கணக்கில் மூன்று பேர் கையொப்பம் பதிந்து, எந்த இருவர் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்று இருக்க வேண்டும். ஒருவர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன நாளில்தான் மண் சரியும். தேவை வரும்போது மட்டும் கடை கடையாக வசூலிக்கும் சங்கம் நீடிப்பதில்லை. அதிகம் கொடுத்த இரண்டு பெரிய கடைகள் சொல்வதே முடிவாகிவிடும். பொருளாளர் பத்து வருடமாக ஒரே ஆளாக இருப்பதும் அப்படித்தான். அவர் நேர்மையானவராக இருந்தாலும் கணக்கு அவர் தலைக்குள்ளேயே இருக்கும்.

நிர்வாகக் குழுவில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று தெருவில் இருக்கிற எல்லாரும் இருக்க வேண்டும், அறிவித்தல் இரண்டு மொழியிலும் போக வேண்டும். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா தொழுகை நேரத்தில், வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். தோட்டங்களிலிருந்து கோயில் கமிட்டியில் ஒருவர், பிள்ளைமடுவத்தை (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தை) பார்க்கும் ஒருவர், பாடசாலை அதிபர் ஆகியோரை ஆலோசனைக்கு அழைப்பது நல்லது. தொழிற்சங்கத் தலைவர்மாரை அழைத்தால் எல்லாச் சங்கத்தாரையும் அழைக்க வேண்டும். ஒருவரை மட்டும் அழைத்தால் சங்கத்துக்கு நிறம் பூசிவிடுவார்கள்.

இனி, எல்லாரும் பேசத் தயங்கும் கடன் கொப்பி. தோட்டத்துக் குடும்பத்துக்கு மாதத்தின் பிற்பாதியை ஓட்டிக் கொடுப்பது கடைக் கடன்தான். அது இல்லாமல் போனால் அந்த இடத்துக்கு வாராவாரம் வசூலிக்க வரும் நுண்கடன்காரர் வந்துவிடுவார். ஆகவே கடனை நிறுத்துவது தீர்வல்ல, அளவு வைப்பதுதான் தீர்வு. 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 என்று நாட்சம்பளம் ஏறியது. 1,350இல் கணக்குப் பார்ப்போம். 18 நாள் வேலை என்றால் 24,300. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,944 போக 22,356. சந்தா, கோயில் காசு, பண்டிகை முற்பணத்தின் தவணை எல்லாம் கழிந்து கைக்கு வருவது இன்னும் குறைவு. இதில் மூன்றில் ஒன்றுக்கு மேல், அதாவது சுமார் 7,000 ரூபாய்க்கு மேல், கடையில் ஏறினால் அந்தக் கொப்பி அடுத்த மாதமும் மூடாது. சம்பளம் மாறினால் தொகை மாறும், மூன்றில் ஒன்று மாறாது.

வெயில் காலத்தில் சிக்கல் கூடும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை கொழுந்து வற்றும். தோட்டம் குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில், வரட்சி வருடத்தின் நடுப்பகுதியில் வரும். ஆகவே ஒரு நகரத்தின் விதியை மற்ற நகரம் அப்படியே எடுக்க முடியாது. வரட்சி மாதங்களில் கடன் எல்லையைக் கூட்டுவது இரக்கம் போலத் தெரியும், பிறகு அதுவே கழுத்தைப் பிடிக்கும். எல்லையை அப்படியே வைத்து, அந்த மாதங்களில் அரிசி, கோதுமை மா, பருப்பு, பால்மா, சவர்க்காரம் போன்றவற்றுக்கு மட்டும் கடன் என்று எல்லாக் கடைகளும் ஒன்றாக முடிவெடுத்து, கொழுந்து கூடும் மாதங்களில் மூன்று தவணையாகத் திருப்பி எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு கடை மட்டும் இதைச் செய்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். சங்கம் தேவைப்படுவதே இங்கேதான்.

கொப்பி இரண்டு இருக்க வேண்டும்: ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஒவ்வொரு வரியிலும் பொருள், நிறை, விலை. 'சாமான் 850' என்று மொட்டையாக எழுதும் பழக்கத்திலிருந்துதான் பாதிச் சண்டை வருகிறது. சிகரெட்டும் அந்தச் சாமானுக்குள் ஒளிந்துகொள்ளும், வீட்டில் இருக்கிறவருக்கு அது சம்பள நாளில்தான் தெரியவரும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போது வீட்டுக் கொப்பியையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். 'பிறகு எழுதிக்கலாம்' என்றால் அது எழுதப்படாது, அல்லது இரண்டு தடவை எழுதப்படும். கடனுக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை என்று இருக்கக் கூடாது. ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் பிணையாக வாங்கி வைக்கக் கூடாது. அப்படி வைத்திருக்கும் கடையைச் சங்கம் தன் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கடனாளிகளின் பெயரை வட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதே வகை. விலைப்பட்டியல் பார்வைக்கு இருப்பது சட்டப்படி கட்டாயம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சங்கமே ஒவ்வொரு கடையிலும் ஒட்டினால், முறைப்பாடு வரும் முன்பே கடைக்காரர் கவனமாகிவிடுவார்.

தராசு தனிக் கதை. மின்தராசு சரிந்த மேசையில் இருந்தாலும், மீன் தட்டின் நிறையைக் கழிக்காமல் நிறுத்தாலும், கடைக்காரர் அறியாமலே நிறை தப்பும். தராசுக்கு வருடாந்த முத்திரை வேண்டும். ஒவ்வொருவரும் தூக்கிக்கொண்டு அலைவதை விட, ஒரு நாளில் ஒரு இடத்தில் எல்லாத் தராசுகளையும் முத்திரையிட அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துடன் பேசி ஒழுங்கு செய்வது சங்கத்துக்கு எளிது. தெருவின் நடுவில் உள்ள ஒரு கடையில் முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல் இருந்தால், சந்தேகப்படுகிறவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்.

மரண வீட்டுக்குப் பணத்தை விடப் பொருள்தான் அவசரம். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் சிறியது, மழை எந்த நேரமும் வரும். இரண்டு கூடாரம், 100 பிளாஸ்டிக் கதிரை, தேநீருக்கு இரண்டு பெரிய பாத்திரம், நீளமான வயரோடு நாலு விளக்கு, ஒரு சிறிய ஜெனரேட்டர். இவ்வளவும் சங்கத்தின் சொந்தமாக இருந்தால் வாடகைக்காரரிடம் ஓட வேண்டியதில்லை. கதிரைகளுக்கு அடியில் வண்ணத்தால் இலக்கம் எழுதாவிட்டால் ஒரு வருடத்தில் 100 என்பது 70 ஆகும். கூடாரத் துணியை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து அடுத்த தடவையே கிழியும். திரும்பி வந்ததும் விரித்து உலர்த்துவதற்கு ஒருவருக்குக் கூலி கொடுத்துவிடுவது மலிவு. கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளை அங்கே இறந்துபோனால் பெரிய செலவு வாகனம்தான். அதற்கு ஒரு தொகையை முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். ஆளைப் பார்த்துத் தொகை மாறினால் மனஸ்தாபம் தலைமுறைக்கும் நிற்கும்.

அவசர வைத்தியத்துக்கு 1990 இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் லயத்துக்கு வீதிப் பெயரோ வீட்டிலக்கமோ கிடையாது, கடிதங்களே பல இடங்களில் தோட்ட ஒபிஸுக்குத்தான் வருகின்றன. அழைக்கிறவர் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), பக்கத்துக் கோயில் அல்லது பாடசாலை, வாகனம் எதுவரை வரும் என்ற நான்கையும் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கடைகளிலும் பிள்ளைமடுவத்திலும் ஒட்டலாம். அட்டையின் மறுபக்கத்தில் இரவில் வரச் சம்மதித்த ஆட்டோக்காரர்களின் முறை வரிசையும் முன்பே பேசிய கூலியும்.

பாதையைப் பற்றி ஒன்று. பிரதேச சபைகள் தோட்டப் பகுதிக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இருந்த தடை 2018 திருத்தத்தில்தான் நீங்கியது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்குத் தனிச் சபைகள் வந்ததும் அதை ஒட்டிய காலத்தில்தான். அதற்கு முன் சங்கமே சீமெந்து வாங்கிக் கொடுத்ததற்கு நியாயம் இருந்தது. இப்போது இடம், நீளம் எத்தனை மீற்றர், படம், பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் சபைக்கு எழுதி, எழுதியதன் பிரதியை வைத்துக்கொள்வதே முறை. மதகு அடைபடுவது மட்டும் வேறு. அதை அடைப்பது பெரும்பாலும் நம் கடைகளிலிருந்து போகும் பொலித்தீன்தான், அதைச் சங்கம்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது மழை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவு, முன்பே எச்சரிக்கப்பட்ட இடத்தில் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பாதைகளும் ரயில் பாதையும் ஒரே நேரத்தில் அறுந்தன. அப்படியான நாளில் வெளியிலிருந்து உதவி வரும்வரை நகரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உணவு, அதுதான் மருந்து.

மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், வெளியேற வேண்டும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் மழை ஒன்றாகப் பெய்யாது. ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மழைமானி வேண்டும். ஒன்றரை லீற்றர் போத்தல் போதும். கழுத்தின் கீழே நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேற்பகுதியைத் தலைகீழாகப் புனல் போலச் செருக வேண்டும். அடியில் உள்ள மேடு பள்ளத்தைச் சிறு கற்களாலும் தண்ணீராலும் நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அங்கிருந்து மில்லிமீற்றர் அளவுநாடா ஒட்ட வேண்டும். போத்தலின் சுவர் வளைந்திருந்தால் அளவு பிழைக்கும். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் அடியில் வைத்தாலும் பிழைக்கும். காலை 6 மணிக்கு அளந்து, எழுதி, பூச்சியம் வரை வெளியே ஊற்ற வேண்டும். கடும் மழையில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்காவிட்டால் நிரம்பி வழிந்துவிடும். சுவரில் புது வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சரியும் மரம், கலங்கி வரும் ஊற்று, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நிற்பது — இவற்றில் ஒன்று தெரிந்தால் மானியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆட்களை எழுப்பிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும்.

களஞ்சியத்தை ஒரே இடத்தில் வைப்பது பெரும் தவறு. பாதை எங்கே அறுமென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. 50 குடும்பத்துக்கு 100 போர்வை, 100 பாய், 20 தறப்பாள், 4 அண்டா, 12.5 கிலோ சிலிண்டர் இரண்டும் அடுப்பும், டோர்ச், ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசல் பொடி), பெண்களுக்கான நப்கின், குழந்தைகளின் உடை. முதல் இரவில் போர்வை அரிசியை விட முக்கியம். நனைந்த உடையோடு பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில் குழந்தைகள் படுக்க முடியாது. முதல் 24 மணித்தியாலத்தில் உலர் உணவு கொடுத்துப் பயனில்லை, சமைக்க அடுப்பு கிடையாது. 100 பேருக்கு ஒரு வேளைக்கு 12 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 8 தேங்காய் என்று வைத்துச் சமைத்த சோறு கொடுக்க வேண்டும். உலர் பொதி இரண்டாம் நாளிலிருந்து. நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 5 கிலோ அரிசி, 2 கிலோ மா, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, 400 கிராம் பால்மா, ஒரு டின் மீன், உப்பு, தேயிலை. தேயிலை மலையில் தேயிலையா என்று கேட்பார்கள். வீட்டோடு அதுவும் போய்விட்டது.

பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமிருந்து வரும். அதில் ஒரு காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) ஒரு குடும்பம் என்று இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் மகனும் மருமகளும் தனியாகச் சமைப்பார்கள். ஆகவே காம்பராவை எண்ணக் கூடாது, அடுப்பை எண்ண வேண்டும். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்பதால் அடையாள அட்டை இலக்கமும், லய இலக்கமும் எழுதிக்கொள்வது இரட்டிப்பைத் தடுக்கும்.

மின்சாரம் போனால் ஏடிஎம்மும் அட்டை இயந்திரமும் நின்றுவிடும். 25,000 ரூபாய் சிறு தாள்களாக, முத்திரையிட்ட உறையில், இருவர் பொறுப்பில் இருக்கட்டும். களஞ்சியத்துப் பால்மாவும் டின் மீனும் காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதே உறுப்பினர் கடைகளுக்கு மாற்றி விற்று, அதே அளவு புதியதை வைத்துவிட வேண்டும். இதற்கு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஒவ்வொரு நாள் ஒதுக்கினால் போதும். அன்றைக்கே போர்வைகளையும் வெயிலில் போட்டுவிடலாம்.