பிலடெல்பியாவில் ஓட்டு எண்ணிய வாரம்

2020 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை ஓட்டுப்பதிவு முடிந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தும் அமெரிக்காவின் அடுத்த அதிபர் டிரம்பா பைடனா என்று தெரியவில்லை, எல்லோருடைய கண்ணும் பென்சில்வேனியாவின் 20 எலக்டர்கள் மேல். எலக்டர்கள் என்றால் மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள், அநேகமாக எல்லா மாநிலத்திலும் அங்கே முந்தியவருக்கே மொத்தமும் போகும். நான் அப்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெற்கு நியூ ஜெர்சியில் இருந்தேன். வேலை விசாவில் இருப்பவனுக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனாலும் டிவியில் அந்தச் சிவப்பு நீல வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார மனசு வரவில்லை. லீவு சொல்லிவிட்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பாட்கோ ரயில் ஏறினேன். பென் பிராங்க்ளின் பாலத்தில் டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா.

நகரத்தின் தபால் ஓட்டுகளை பென்சில்வேனியா கன்வென்ஷன் சென்டரில் எண்ணிக்கொண்டிருந்தார்கள், ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டுக்கு எதிரே. நம்மூரில் ஓட்டு எண்ணும் கல்லூரி வாசலில் தடுப்பு போட்டு இரண்டு கட்சிக்காரர்களையும் தனித்தனியாக நிறுத்தியிருப்பார்களே, ஆர்ச் தெரு அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் "ஒவ்வொரு ஓட்டையும் எண்ணு" என்று அட்டை பிடித்தவர்கள், ஸ்பீக்கரில் பாட்டு, நீலத் தபால்பெட்டி மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள். இன்னொரு பக்கம் டிரம்ப் கொடிகள், "திருட்டை நிறுத்து" என்ற கோஷம். நடுவில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திப் போலீஸ்.

கொடிப் பக்கம் போய் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வெளியூரிலிருந்து காரில் வந்தவர், நல்ல மனுஷன், கோபத்தில் இருந்தாலும் நிதானமாகப் பேசினார். "செவ்வாய் ராத்திரி நாங்கள் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ஓட்டு முன்னாடி இருந்தோம். அது எங்கே போச்சு?" அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் சொன்ன எண் உண்மைதான். அது ஏன் கரைந்தது என்பதற்கான காரணம் அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. தபாலில் வந்த உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது. மாவட்ட அதிகாரிகள் முன்கூட்டியே தொடங்க விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், மாநிலச் சட்டமன்றத்தில் நடக்கவில்லை. கொரோனாவால் அந்த வருஷம் மாநிலத்தில் தபால் ஓட்டே சுமார் 26 லட்சம். ஒவ்வொன்றிலும் வெளி உறையில் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், உள்ளே ரகசிய உறை, அதற்குள்ளே சீட்டு, மடிப்பை நீவி ஸ்கேனரில் விட வேண்டும். தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்ததால் அவர் ஆட்கள் நேரில் போய்ப் போட்டார்கள், அது முதலில் எண்ணப்பட்டது. மெதுவாக எண்ணப்பட்டது பெரும்பாலும் பைடனுக்கு விழுந்த ஓட்டு. அவ்வளவுதான் விஷயம். எண்ணுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பார்வையாளர்களைத் தூரத்தில் நிறுத்துகிறார்கள் என்று டிரம்ப் தரப்பு வழக்குப் போட்டு, ஆறடி தூரம் வரை விடும்படி உத்தரவும் வாங்கியது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. செவ்வாய் ராத்திரியே "நாம் ஜெயித்துவிட்டோம்" என்று அவர் நம்பும் தலைவர் டிவியில் சொல்லிவிட்ட பிறகு, ரயிலில் வந்த அந்நியன் சொல்லி என்ன ஆகும்?

எதிர்ப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கறுப்பினப் பாட்டி உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஒட்டிய "ஓட்டுப் போட்டேன்" ஸ்டிக்கர் கோட்டில் ஓரம் சுருண்டு இன்னும் அப்படியே இருந்தது. இன்னும் எத்தனை நாள் ஆகுமோ என்றேன். தன் அம்மா ஜார்ஜியாவில் இருந்தவரை, 1965 ஓட்டுரிமைச் சட்டத்துக்கு முந்தின காலம், ஒரு தடவைகூட ஓட்டுப் போட விடவில்லை என்றும், அதற்கு முன்னால் இந்த நாலு நாள் ஒன்றுமே இல்லை, நிதானமாகவே எண்ணட்டும் என்றும் சொல்லிவிட்டு பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தார். அந்த வாரம் முழுக்க டிவியில் கேட்ட நிபுணர்கள் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் போனேன். நவம்பர் என்று சொல்ல முடியாத நல்ல வெயில். இங்கே நாடு முழுமைக்கும் முடிவை அறிவிக்க நம்மூர்த் தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்று கிடையாது. எண்ணுவது அந்தந்த மாவட்டம், இன்னார் ஜெயித்தார் என்று முதலில் சொல்வது ஏபி செய்தி நிறுவனமும் டிவி சேனல்களும். காலை 11.25 வாக்கில் பைடன் ஜெயித்தார் என்ற செய்தி வந்தபோது நான் மார்க்கெட்டுக்குள் காபிக்கு நின்றிருந்தேன். முதலில் ஒரு ஹாரன், பிறகு தெரு முழுக்க ஹாரன், ஜன்னல்களிலிருந்து பாத்திரங்களைத் தட்டும் சத்தம். வெளியே ஓடி வந்தால் முன்பின் தெரியாதவர்கள் முகக்கவசத்தோடு கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒரு தபால் வண்டி கூட்டத்துக்குள் மெல்ல ஊர்ந்து வந்தது, மொத்தத் தெருவும் அதைப் பார்த்துக் கைதட்டியது, ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஹாரன் அடித்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. மறுநாள் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், கமலா ஹாரிஸின் தாத்தா ஊரில், வாசல்களில் வாழ்த்துக் கோலம் போட்ட படங்கள் வந்தன. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொடிகள் இறங்கவில்லை. டிரம்புக்கு ஓட்டுப் போட்ட 7.4 கோடிப் பேரில் பலருக்கு அன்று எதுவும் முடியவில்லை. ஜனவரி 6 அன்று வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தபோது, அது எங்கே போய் நின்றது என்று உலகமே பார்த்தது.

சத்தத்திலிருந்து விலகிக் கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் இண்டிபெண்டன்ஸ் ஹால். எலக்டர்களை வைத்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் இந்த எலக்டோரல் காலேஜ் முறை, 1787 கோடையில் அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது அந்தச் செங்கல் கட்டடத்தில்தான் உருவானது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். எடுபடவில்லை. ஜூலை 19 அன்று ஜேம்ஸ் மாடிசனும் மக்கள் தேர்ந்தெடுப்பதே நல்லது என்றுதான் ஆரம்பித்தார், ஆனால் அப்படிச் செய்தால் தெற்கு மாநிலங்களுக்குத் தங்கள் அடிமைகளை வைத்துக் கிடைக்கும் செல்வாக்கு போய்விடும் என்றார். ஓட்டில்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகத் தலைக்கணக்கில் சேர்த்து, அதன்படி மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் இடம் கொடுத்து, எலக்டர்களும் அதே கணக்கில் வந்தார்கள். மடக்கு நாற்காலிப் பாட்டியின் முன்னோர்களை வைத்துப் போட்ட கணக்கு இது. அதை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நிற்பது சுலபமாக இல்லை.

அடிமை முறை போய்விட்டது, எலக்டர் கணக்கு அப்படியே இருக்கிறது. பைடன் நாடு முழுக்க 70 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். ஆனாலும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவர் முன்னிலை சுமார் 43,000 ஓட்டுதான். அந்த மூன்றும் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தால் 269க்கு 269 என்று சமம். 2016இல் ஹிலரி 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார்.

ஏதோ ஒரு கட்சிக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் டிரம்ப் ஆதரவாளர். நியூ ஜெர்சியில் அந்த வருஷம் அவரோடு சேர்த்து 18 லட்சம் பேருக்கு மேல் டிரம்புக்குப் போட்டார்கள், 14 எலக்டர்களில் ஒருவர்கூட வரவில்லை. 2020இல் டிரம்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம் எது தெரியுமா? கலிபோர்னியா, 60 லட்சம். அங்கேயும் 55 எலக்டர்களும் பைடனுக்கே. இந்தப் பக்கம் எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு ஒரு ஆள் வரவில்லை, பாலத்தைத் தாண்டினால் ஒரே வீட்டுக் கதவை நாலு தடவை தட்டுகிறார்கள்.

மாற்ற முயலாமல் இல்லை. 1969இல் நேரடித் தேர்தலுக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338க்கு 70 என்று நிறைவேறி, அடுத்த வருஷம் செனட்டில் பேசிப் பேசியே சாகடிக்கப்பட்டது. இப்போது நாட்டில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் எலக்டர்கள் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வருகின்றன. நியூ ஜெர்சி 2008இலேயே சேர்ந்துவிட்டது, ஆனால் சேர்ந்த மாநிலங்களின் எலக்டர்கள் மொத்தம் 538இல் பாதிக்கு மேலான 270ஐத் தொட்டால்தான் அது நடைமுறைக்கு வரும்.

2024இல் டிரம்ப் மொத்த ஓட்டிலும் முந்தி, பென்சில்வேனியாவையும் எடுத்துக்கொண்டு ஜெயித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். நியூ ஜெர்சியின் 14 மட்டும் அப்போதும் ஹாரிஸுக்கே போனது. இப்போது கேட்டாலும் நேரடித் தேர்தல்தான் வேண்டும் என்கிறார், அரசியலில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.