ஊர விட்டுப் போனவன் துரோகியா? லெப்ரான் பத்தி மனசுல இருக்கறது

நேத்து சாயங்காலம் கிரவுண்டுல ஒரு பையன், பத்தாவது படிக்கிறான், அமெரிக்காவுல கூடைப்பந்து ஆடற லெப்ரான் ஜேம்ஸ் பேர எடுத்ததுமே "அவன் துரோகிண்ணே, அவனப் பத்திப் பேசாதீய"ன்னுட்டான். கோல்டன் ஸ்டேட் டீம்ல ஆடற கர்ரியோட பனியன் போட்டிருந்தான். எந்த வருஷம்டா பொறந்தன்னு கேட்டேன், 2010ன்னான். லெப்ரான் கிளீவ்லண்ட் டீம விட்டு மயாமி டீமுக்குப் போன அதே வருஷம். இவன் தொட்டில்ல கிடந்தப்ப நடந்த ஒண்ணுக்கு இன்னைக்கும் பல்லக் கடிக்கிறான்னா யாரோ இவனுக்கு முன்னாடி அந்தக் கோவத்தச் சேத்து வச்சுக் குடுத்திருக்காங்க. அதுல நானும் ஒருத்தன், பல வருஷம் காரைக்குடி கூடைப்பந்து கோர்ட்டுல நின்னுக்கிட்டு பசங்ககிட்ட அவனத் திட்டினவன் நான்தான். அதனாலதான் இத எழுதணும்னு உக்காந்தேன்.

என்ன நடந்துச்சுன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். லெப்ரான் ஆக்ரன்ல பொறந்தவன், கிளீவ்லண்டுக்குப் பக்கத்து ஊரு. அவன் பொறந்தப்ப அவங்க அம்மாவுக்கு வயசு 16, வாடகை குடுக்க முடியாம வீடு வீடா மாறி வளந்த பையன். 2003ல பள்ளிக்கூடத்துலேருந்து நேரா முதல் ஆளா கிளீவ்லண்ட் எடுத்துச்சு. இங்க ஒண்ணக் கவனிக்கணும், அந்த டீம அவன் தேர்ந்தெடுக்கல, டிராஃப்ட்ல டீம்தான் ஆள எடுக்கும், ஆளுக்குச் சாய்ஸே கிடையாது. ஏழு சீசன் ஆடினான், 2007ல ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனான், ரெண்டு தடவ எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரன் விருது, வாங்கினான், கப்பு மட்டும் வரல. 2010ல கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சு. ஜூலை 8ஆம் தேதி டீவில ஒரு தனி புரோகிராம் போட்டு, மயாமிக்குப் போறேன்னு சொன்னான்.

அந்த டீவி புரோகிராம் தப்பு, அத நான் இன்னைக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன். அதுல வந்த பணத்துல 25 லட்சம் டாலராவது சின்னப் பசங்க கிளப்புகளுக்குப் போச்சு, சரி, ஆனாலும் கிளீவ்லண்ட் ஊரு 1964க்கு அப்புறம் எந்தப் பெரிய வெளையாட்டுலயும் கப்பப் பாக்காத ஊரு, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் ஆனத எதிர்த்த வீட்டுக்காரங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கும் அவங்களுக்கு. அன்னைக்கு ராத்திரி வந்த கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா அது கோவத்தோட நிக்கல. அவன் ஜெர்சியத் தெருவுல போட்டு எரிச்சாங்க. டீம் ஓனர் டான் கில்பர்ட் அன்னைக்கே ஊருக்கெல்லாம் ஒரு லெட்டர் எழுதி, துரோகம், கோழைத்தனம்னு என்னென்னமோ சொல்லி, அதுக்கு இந்த டீமெல்லாம் ஆடற என்பிஏ லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு. அஞ்சு வருஷம் இவனால ஸ்டேடியத்த நிரப்பின ஆளு அவரு. அடுத்த சீசன் கிளீவ்லண்ட் தொடர்ச்சியா 26 மேட்ச் தோத்துச்சு, அது ஒண்ணே போதும் அந்த டீம யாரு தோள்ல வச்சுத் தூக்கினான்னு தெரிஞ்சுக்க.

டீம் ஆள அனுப்பினா என்ன சொல்றோம்? 2017ல பாஸ்டன்ல ஐசையா தாமஸ்னு ஒருத்தன், தங்கச்சி கார் ஆக்சிடெண்ட்ல செத்து மறுநாளே பிளேஆஃப் மேட்ச்ல கண்ணத் தொடச்சுக்கிட்டே எறங்கி ஆடினான். நாலே மாசத்துல அவன வேற டீமுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. அப்ப எல்லாரும் சொன்னது "இதெல்லாம் பிசினஸ்ப்பா". டீம் செஞ்சா பிசினஸ், ஆடறவன் செஞ்சா துரோகம்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம் பாருங்க, அதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது.

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இந்தக் கணக்கப் பேசவே கூடாது. செட்டிநாட்டுல இருக்க ஒவ்வொரு பெரிய வீடும் வெளிய போனவன் கட்டின வீடு. பர்மா, மலேயா, சிலோன், சைகோன். பர்மா தேக்குத் தூண கையால தடவிப் பாத்துக்கிட்டே வளந்த பிள்ளைக நாம. 1937ல ஐஓபி ஆரம்பிச்சப்ப காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல தொறந்தாங்க, அவ்வளவு பக்கம் நமக்கு ரங்கூன். எங்க பாட்டையா ஒரு கடையில ஏஜெண்டா போனவரு. சம்பளச் சீட்டுன்னு எழுதிக்கிட்டுப் போவாங்க, மூணு வருஷக் கணக்கு, முடிச்சுட்டு ஊருக்கு வந்து, வேணும்னா அதே முதலாளி, வேணாம்னா வேற முதலாளி. எங்க அப்பத்தா இதச் சொல்றப்பல்லாம் "சீட்டு முடிஞ்சா கை கழுவிக்கிறதுதான் அப்பச்சி, அதுல என்ன இருக்கு"ம்பாக. லெப்ரானும் சீட்ட முடிச்சிட்டுத்தான் போனான்.

இவ்வளவும் தெரிஞ்சே நான் ஒண்ணு பண்ணேன், அதச் சொல்லாம இத முடிக்க முடியாது.

எங்க டீம்ல ஒருத்தன் இருந்தான், போஸ்ட்ல, அதாவது கூடைக்குப் பக்கத்துல ஆடறவன், ரிம்முக்குக் கீழ அவன் நின்னா எதிர் டீமுக்கு ரீபவுண்ட், அதாவது கூடையில விழாம திரும்பி வர்ற பந்து, கிடையாது. அவங்க அம்மா பலகாரக் கடைக்கு தேன்குழல் சுத்திக் குடுக்குறவங்க. அவன் ஷூ முன்னாடி வாயப் பொளந்துருக்கும், சைக்கிள் டியூப வளையமா வெட்டி அதுமேல மாட்டி ஆடுவான், ரெண்டு நாளைக்கு ஒருக்கா அந்த ரப்பர் அறுந்து போகும், பையில எப்பவும் ரெண்டு வளையம் ஸ்பேர் வச்சிருப்பான். 2011ல சென்னையில ஒரு காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கிடைச்சு, ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் இல்ல, மெஸ்ஸும் ஃப்ரீ, போய்ட்டான். எங்ககிட்ட முன்கூட்டிச் சொல்லல, ரயிலேறின பெறகுதான் தெரியும். "ஊருக்காக ஆடறதவிட உனக்கு சோறு பெருசாப் போச்சா"ன்னு நான் போன்ல கேட்டேன். அவனுக்குக் குடுக்க எங்ககிட்ட ஒரு ஜோடி ஷூகூட இல்ல, ஆனா கேட்டேன்.

அந்த டிசம்பர்ல அவன் காலேஜ் டீமோட இங்க பக்கத்துல ஒரு டோர்னமென்ட்டுக்கு வந்தான். ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம போடற பந்து, போட நின்னப்ப நாங்க பத்துப் பதினஞ்சு பேரு பேஸ்லைனுக்குப் பின்னாடி நின்னு கத்தினோம், என்னென்ன கத்தினோம்னு எழுத மனசு வரல. காலுல புது ஷூ. முதல் பந்து ரிம்முல பட்டு வெளிய வந்துச்சு, எங்க பக்கம் திரும்பிப் பாத்தான், ஒண்ணும் சொல்லல. மேட்ச் முடிஞ்சு நாங்க நின்ன டீக்கடைக்கே வந்தான், நாங்க கிளாஸ அப்படியே வச்சுட்டு எழுந்து போய்ட்டோம். எங்க அஞ்சு டீக்கும் அவன்தான் காசு குடுத்துட்டுப் போனான்னு கடைக்காரர் ஒரு வாரம் கழிச்சுச் சொன்னாரு.

அதே வருஷம் ஜூன்ல டல்லஸ்கிட்ட லெப்ரான் ஃபைனல் தோத்தப்ப நான் கைதட்டினேன். நாலாவது மேட்ச்ல வெறும் 8 பாயிண்ட், அத எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டேன். அப்புறம் 2012, 2013னு மயாமில ரெண்டு கப்பு அடிச்சான், 2014ல கிளீவ்லண்டுக்கே திரும்பி வந்தான். லெட்டர் எழுதின அதே ஓனர்கிட்ட வந்தான்ங்க, அத யோசிச்சுப் பாருங்க.

2016 ஜூன் 20, திங்கக்கிழமை காலைல நம்ம நேரம் அஞ்சரை மணிக்கு ஃபைனலோட ஏழாவது மேட்ச். நாலு மேட்ச் ஜெயிக்கிற டீமுக்குத்தான் கப்பு. 3-1ல பின்னாடி இருந்து எந்த டீமும் அதுவரைக்கும் ஃபைனல் ஜெயிச்சதில்ல, எதிர்ல அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச கோல்டன் ஸ்டேட். 89-89, முடிய ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி, கோல்டன் ஸ்டேட்டோட இகுவொடாலா கூடைக்குப் பக்கத்துலேருந்து பந்தப் போட தனியா லேஅப்புக்குப் போறான், பின்னாடி எங்கேயிருந்தோ லெப்ரான் ஓடி வந்து பந்தத் தடுத்து போர்டோட சேத்து அடிச்சான் பாருங்க ஒரு பிளாக், எங்க வீட்ல தூங்குன எல்லாரும் எந்திருச்சுட்டாங்க நான் போட்ட சத்தத்துல. 52 வருஷம் கழிச்சு அந்த ஊருக்கு ஒரு கப்பு. தரையில குப்புறப் படுத்து அழுதான். அதுக்கு அடுத்த வருஷம் அவன் வீட்டு கேட்ல அவன் நெறத்த வச்சு அசிங்கமா எழுதிட்டுப் போனாங்க, இதுக்குப் பேரு என்ன விமர்சனம்?

மேட்ச் முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் இருக்கும், போன்ல ஒரு மெசேஜ். அஞ்சு வருஷம் பேசாதவன்கிட்டேருந்து.

"அந்த பிளாக்கப் பாத்தியாடா."

பாத்தேன்னு அடிச்சேன், அடிச்சிட்டு அழிச்சேன், அப்புறம் போனே பண்ணிட்டேன். எடுத்தான். டீக்காசப் பத்தி அவன் பேசல, நான்தான் பேசினேன்.