லீட் கிட்டாரா குரலா? எங்க பாட்டு மிக்ஸிங் அப்டேட்

டிரம்ஸும் பேஸும் ஓரளவு உக்காந்துடுச்சு, இப்ப லீட் கிட்டாரும் குரலும். பாடுனது என் அத்தை பொண்ணு, சிங்கப்பூர் செங்காங்ல அவ ரூம் அலமாரியத் திறந்து போட்டு துணிக்கு எதிர்ல மைக் வச்சு எடுத்தது. எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ஆம்ப்ப (கிட்டார் ஒலிபெருக்கி) சத்தமா வைக்க முடியுமா, அதனால கிட்டார நேரா கம்ப்யூட்டரோட சேக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல குத்தி, ஆம்ப் மாதிரியே ஒலிக்க வைக்கிற ஆம்ப் சிம் சாஃப்ட்வேர்லயே முடிச்சாச்சு.

சத்தத்த ஏத்தி எறக்குற ஃபேடர வச்சு மட்டும் இது தீராது. கிட்டார ஏத்துனா வார்த்தை போயிடுது, எறக்குனா பாட்டுல உசுரே இல்ல. ஏன்னா கிட்டாரோட கடி (கூர்மையா குத்துற சத்தம்) 2லருந்து 4 கிலோஹெர்ட்ஸ்லதான் இருக்கு, குரல்ல மெய்யெழுத்து தெளிவா கேக்குறதும் கிட்டத்தட்ட அங்கதான், நம்ம காது ரொம்பக் கூர்மையா இருக்குறதும் அந்த ஏரியாலதான். இதுல தமிழுக்குன்னு ஒரு தொல்லை வேற, ட்ட, க்க, ற்ற வர்ற எடத்துல சின்னதா ஒரு மௌனம் வந்து அப்புறம்தான் எழுத்து வெடிக்கும், நீட்டி வாசிச்ச கிட்டார் நோட்டு அந்த மௌனத்த ரொப்பிடுது, "கொட்டுது" "கொடுது" மாதிரி கேக்குது!

முதல்ல கிட்டார வலது பக்கம் 30 சதவீதம் பேன் பண்ணேன், அதாவது அந்தப் பக்கமா தள்ளுனேன், ஹெட்ஃபோன்ல சூப்பர், ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்குற மோனோ பட்டன அமுக்குனா பழையபடி குருடி கதவத் திறடி கதைதான். போன் ஸ்பீக்கர்ல கேக்குறவங்கதான் ஜாஸ்தி, அதனால பேன நம்ப முடியாது. அப்புறம் கிட்டார்ல 3 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் வெட்டுனேன், வார்த்தை வந்துச்சு, ஆனா சோலோ வரும்போது போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி மந்தமாயிடுச்சு.

வேலைக்கு ஆனது, தேவைப்படுறப்ப மட்டும் ஒரு அலைவரிசைய எறக்குற டைனமிக் ஈக்யூதான். ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல குரல் டிராக்லருந்து கிட்டார் டிராக்கோட 3/4 சேனலுக்கு ஒரு சென்ட் (சிக்னலோட நகல்) போட்டு, இலவசமா கிடைக்கிற டிடிஆர் நோவாங்கிற ப்ளக்இன்ன எக்ஸ்டர்னல் சைட்செயின்ல, அதாவது குரலக் கேட்டு வேலை செய்யுற மாதிரி, வச்சேன், அவ பாடுறப்ப மட்டும் அந்த 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு மூணு டெசிபல் எறங்கும், நிறுத்துனா தானா ஏறிக்கும். ரிலீஸ, அதாவது மறுபடி ஏற எடுக்குற நேரத்த, ரொம்பக் குறைச்சா கிட்டார் குதிக்குது, 150 மில்லிசெகண்ட் பக்கம் எனக்கு சரியா பட்டுச்சு.

ஆனா உண்மையச் சொன்னா பாதி வேலைய முடிச்சது மியூட் பட்டன். அவ பாடுற வரிக்கு அடியில இருந்த சின்னச் சின்ன கிட்டார் ஃபில்லெல்லாம் தூக்கிட்டேன், கிட்டார் அண்ணன் கேட்டுட்டு, "என்னடா, நான் வாசிச்சதுல பாதியக் காணோம்?"னாரு. "அண்ணே, அவ மூச்சு விடுற எடத்துல நீங்க பதில் சொல்லுங்க, அங்க ஒன்றரை டெசிபல் ஏத்தியே தர்றேன்"னேன். மொறச்சாரு, அப்புறம் அவரே மறுபடி வாசிச்சு அனுப்புனாரு, முன்னாடி இருந்தத விட நல்லாவே இருக்கு.

இப்ப வடகிழக்கு லைன்ல ரயில் இரைச்சலோட கேட்டாலும் சரணம் ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. கடைசி பல்லவி மட்டும் இன்னும் இடிக்குது, அங்க ஹார்மனி குரலும் சேந்துக்குது, அதுக்கு கிட்டார ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழ வாசிக்கச் சொல்லியிருக்கேன்.